வடிவக்கா வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை

ஜூலை 14, திங்கள்

கடனை அடைக்க நினைப்பவர்கள் தினமும் நாலு வரி எழுத வேண்டும் என்று கைபேசியில் வீடியோ போடும் ஒரு பெண் சொல்கிறார். எழுதினால் மனம் தளராதாம். புது நோட்டு நாற்பது ரூபாய். மதுவின் போன வருஷத்து அறிவியல் நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. அதில் எழுதுகிறேன். ராத்திரி குழாயில் தண்ணீர் வரும் நேரம்தான் எனக்கு உட்காரக் கிடைக்கிற நேரம்.

முதல் பக்கத்தில் தன்னைப் பற்றி எழுத வேண்டுமாம். பெயர் சண்முகவடிவு. வயது முப்பத்தொன்பது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். வீட்டுக்காரர் இசக்கிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் மதுமிதா, ஒன்பதாம் வகுப்பு. கடன் என் பெயரில், ஒரு ஃபைனான்ஸில், மூன்று லட்சம் வாங்கினேன். எதற்கு என்று தனியாக எழுத வேண்டியதில்லை. போன வருஷம் மதுவின் சடங்குக்கு மண்டபத்தில் வந்து சாப்பிட்ட நானூறு பேருக்கும் தெரியும். வருகிற மொய்யில் பாதிக் கடன் அடைந்துவிடும் என்று நினைத்தேன். சாப்பாட்டுக்காரருக்குக் கொடுக்கவே மொய் சரியாகப் போயிற்று. மது ஆசைப்பட்டாள். ஒரே பிள்ளை. செய்தோம்.

ஜூலை 16, புதன்

பால் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டர். கேபிள் கிடையாது. ரேஷன் அரிசியே மூன்று வேளையும். பருப்பை முந்தின நாளே ஊறப் போட்டால் கேஸ் மிச்சம். மீன் கிடையாது, கருவாடு. பூ வாங்குவதை நிறுத்தியாயிற்று.

பட்டியல் போடும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. சோற்றைத் தட்டில் போட்டதும் அவர் ஒரு வாய் உண்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அரிசி மாத்திட்டியோ?"

"ஆமா."

"சரி."

மண்டபம் வேண்டாம், வீட்டோடு வைத்துக்கொள்வோம் என்று அன்றைக்குச் சொன்னவரும் அவர்தான். அதை இன்றுவரை ஒருதரம்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டினால் நானும் நாலு வார்த்தை பேசலாம்.

ஜூலை 23, புதன்

வேலை முடிந்து இலவச பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். ஆடித் தள்ளுபடியால் கடையில் நாள் முழுக்கக் கூட்டம். கால் வீங்கிப் போயிருந்தது. நாலு தனியார் பஸ் காலியாகப் போயிற்று. கடைப் பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் ஏறிக்கொண்டு, "வடிவக்கா, வாங்க, எடம் இருக்கு" என்று கூப்பிட்டார்கள். ஒருவருக்காகக் காத்திருப்பதாகச் சொன்னேன். யாருக்கென்று அவர்கள் கேட்கவில்லை.

ஜூலை 30, புதன்

ஃபைனான்ஸிலிருந்து போன். மே, ஜூன் இரண்டு தவணை நிற்கிறது. பேசியவன் மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், நீங்க கட்டலன்னா வீட்டுக்கு ஆள் வருவாங்க, அது ஒங்களுக்கு நல்லாருக்காது" என்றான். இந்த இரண்டு தவணை நிற்பது அவருக்குத் தெரியாது. அவர் எனக்கு வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதைக் குறைத்ததே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கடையில் சாயங்காலம் டீ வரும். ஆளுக்குப் பத்து ரூபாய், முறை வைத்து வாங்குவோம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டீயை விட்டுவிட்டேன். ஜெபசீலி மட்டும் தன் டம்ளரில் பாதியை என் டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டுப் போகிறாள். குடித்தால் பொய் தெரிந்துவிடும். குடிக்காவிட்டால் ஆறிப் போகும். குடித்தேன்.

ஜெபசீலி பேக்கிங் கவுண்டரில் இருக்கிறாள். என் வயதுதான். பாளையங்கோட்டையில் அம்மாவோடும் பையனோடும் இருக்கிறாள். வீட்டுக்காரர் தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கும் கடன் இருக்கிறது. ஆனால் அவள் அதைப் பற்றி, எல்லோருக்கும் இருக்கிற சளி மாதிரி சாதாரணமாகப் பேசுவாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் வந்துவிட்டன. பட்டுப் பிரிவு சூப்பர்வைசர் மகளுக்குக் கல்யாணம். ஆளுக்கு ஐந்நூறு போட்டுச் சேர்ந்து செய்வது என்று முடிவு. இந்த மாதமே இது மூன்றாவது. கடையில் இப்படி வசூல் செய்கிற பிரேமா நோட்டை எடுத்துக்கொண்டு பில் கவுண்டருக்கு வந்தாள். பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"அக்கா, ஒங்க பேர எழுதிரட்டா?"

இல்லை என்று சொல்ல முடியவில்லை. பணமில்லை என்றும் சொல்ல வாய் வரவில்லை. ஜெபசீலியைத் தவிர அவர்கள் எல்லோரும் மண்டபத்துக்கு வந்து, மதுவை யானை பொம்மை வைத்த மேடையில் உட்கார வைத்திருந்ததைப் பார்த்தவர்கள்.

"இந்தத் தடவ முடியாதுடி. எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன்.

"என்னக்கா செய்து?"

"வயித்துல கட்டி."

எனக்கு அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. பிரேமா நோட்டை மூடிவிட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

எல்லோரும் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

ஒரு பொய்க்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று தெரியாது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கிறார்கள். ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேட்கிறார்கள். சாப்பிடுகிறாரா என்கிறார்கள். ஒருத்தியிடம் கஞ்சி குடிக்கிறார் என்றும் இன்னொருத்தியிடம் இட்லி என்றும் சொல்லிவிட்டேன். நல்லவேளை இரண்டு பேரும் ஒரே இடத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அவர் வெயிலில் கறுத்துப்போய், பனியனோடு உட்கார்ந்து மூன்றாம் முறை சோறு கேட்கிறார். ஒரு நிமிஷம் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னளா பாக்க?"

"ஒன்னுமில்ல."

கோயிலில் போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்யலாம் என்று தோன்றியது. அதற்கும் பத்து ரூபாய். பிராகாரத்தைச் சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

மே மாதத் தவணையை அபராதத்தோடு கட்டிவிட்டேன். பெரிய நிம்மதி. கைபேசியில் வரும் அந்தப் பெண் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு தவணை கட்டும்போதும் நம்மை நாமே பாராட்டிக்கொள்ள வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டதிலிருந்து இந்த நோட்டைத் திறக்கவே கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஜெபசீலி என்னைத் துணி மூட்டைகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிப் போனாள். கையில் ஒரு கல்யாணக் கவர். அதன்மேல் இருந்த வாழ்த்து வரியைப் பேனாவால் அடித்திருந்தாள்.

"பதினோராயிரத்து நானூறு இருக்குட்டி. பிள்ளைக எல்லாருமா போட்டது. நீ கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் நானே போய்க் கேட்டேன்."

"வேண்டாம் ஜெபா."

"சும்மா இரு. ஆஸ்பத்திரி வாசல்ல கால வச்சதுலேர்ந்து காசுதான். நான் பாத்தவதான."

வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். அது உண்மை. மூன்றாவது தரம் சொல்லவில்லை, அதுவும் உண்மை. அவள் என் கையை மடக்கி மூடிவிட்டு, "இதுல என்னட்டி வெக்கம். நாளைக்கு எனக்கு வந்தா நீ செய்ய மாட்டியா" என்றாள். நான் அழுதேன். கஷ்டத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

கவரில் இருந்தவை எல்லாம் சின்ன நோட்டுகள். அம்பதுகளும் நூறுகளும். ஃபைனான்ஸ் அலுவலகத்தில் எண்ணியவன், "உண்டியல ஒடச்சீங்களா மேடம்?" என்று சிரித்தான்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஜெபசீலி மதியம் சாப்பிடவில்லை. டப்பா கொண்டு வரவில்லையா என்று கேட்டேன். இனி வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்காரருக்காக உபவாசமாம். வேதக்கோயிலிலும் அவர் பெயரைச் சொல்லி ஜெபத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாளாம்.

"அண்ணன் பேரு இசக்கிமுத்துதான? சரியாச் சொல்லணும்லா, அதான் கேக்கேன்."

என் டப்பாவில் இருந்த சோற்றை என்னால் பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை. வீணாக்கக் கூடாது என்று வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரிக்குத் தின்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எனக்கு வார லீவு. மதுவின் பள்ளியில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போகிறார்கள், அறுநூறு ரூபாய். அவள் கேட்கவே இல்லை. பையில் இருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் சொல்லல?"

"எனக்குப் போவணும்னு இல்லம்மா."

"எல்லாரும் போறாங்கல்லா."

"எல்லாரும் செய்யுதாங்கன்னு நம்மளும் செய்யணுமாம்மா? சடங்கு வைக்காண்டாம்னு அன்னைக்கு நான் அவ்ளோ அழுதேன். அப்பவும் நீங்க இதத்தான் சொன்னீங்க."

முதல் பக்கத்தில் மது ஆசைப்பட்டாள் என்று எழுதியிருக்கிறேன். அடிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று ஜெபசீலிக்கு லீவு. ஏழு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அடுக்களையில் மூன்று இளநீர் இருந்தது. ஒரு தூக்குச்சட்டியும் இருந்தது. யார் வாங்கினது, இளநீர் என்ன விலை என்று மதுவைத் திட்டத் தொடங்கிவிட்டேன். அவர் முகம் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஒன் கடையில வேல பாக்குற பிள்ள ஒன்னு வந்துச்சு. ஜெபசீலியாம். நான் மத்தியானம் சாப்பிட வந்துட்டு, அடுத்த வீட்டுக்காரருக்கு அரிசி மூட எறக்கிக்கிட்டு இருக்கேன். வாசல்ல வந்து நிக்கி."

"என்ன கேட்டா?"

"இசக்கிமுத்து அண்ணன் வீடு எதுன்னு கேட்டுச்சு. நாந்தாம்மான்னேன். என் தோள்ல மூட இருக்கு. அது அப்படியே பாத்துக்கிட்டே நின்னுச்சு. ஒடம்பு எப்படியிருக்குண்ணேன்னு கேட்டுச்சு. எனக்கென்னம்மா, கல்லு மாரி இருக்கேன்னேன்."

"அப்புறம்?"

"ஒன்னும் சொல்லல. இதெல்லாம் வச்சிட்டுப் போயிட்டு. ஒக்காருன்னேன், ஒக்காரல. நல்ல பிள்ள. எதுக்குளா எனக்கு எளநி?"

தூக்குச்சட்டியில் கஞ்சி. உப்புக் குறைவாக, நன்றாகக் குழைய வைத்திருந்தாள். வயிற்று நோய்க்காரருக்கு வைக்கிற கஞ்சி.

செப்டம்பர் 12, வெள்ளி

போனேன். பில் போட்டேன். வந்தேன்.

செப்டம்பர் 13, சனி

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரிடமும் ஒன்றும் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. பிள்ளைகள் எப்போதும்போல என்னிடம் அவர் உடம்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். பில் போட்ட துணிகள் என் கையிலிருந்து நேராக அவள் கைக்குத்தான் போக வேண்டும். வாங்குகிறாள், மடிக்கிறாள், பையில் போடுகிறாள். முகத்தில் எதுவும் இல்லை. சாயங்காலம் என் டம்ளரில் டீ இல்லை. மதியம் மாடியில் கைத்தறித் துணிப் பிரிவில் போய் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறாள்.

வயிற்றில் கட்டி என்ற வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். தெரியும். அவள் வீட்டுக்காரர் செத்தது அதில்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, முதலில் வலி எப்படி வந்தது, ஸ்கேனில் என்ன சொன்னார்கள், கடைசியில் கஞ்சிகூட எப்படி இறங்கவில்லை என்றெல்லாம் எனக்குத்தான் சொன்னாள். அன்று பிரேமா கேட்டபோது என் வாய் எங்கேயோ தேடி அதை எடுத்துக் கொடுத்துவிட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

லீவு நாள், ஆனாலும் ஆள் குறைவென்று வரச் சொன்னார்கள். மதியம் சாப்பிடும் இடத்தில் பிரேமா எல்லோர் முன்னாலும் ஜெபசீலியைக் கேட்டுவிட்டாள். தண்ணீர் பிடிக்க அவள் அந்தப் பக்கம் வந்திருந்தாள்.

"ஜெபாக்கா, லீவு அன்னைக்கு வடிவக்கா வீட்டுக்காரரப் பாக்கப் போறேன்னீங்களே, பாத்தீங்களா? எப்படிக்கா இருக்காரு?"

இதோ முடிந்தது என்று நினைத்தேன். முடிந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

ஜெபசீலி பாட்டிலை நிறைத்து மூடினாள். "பாத்தேன். நல்லாருக்காரு. கட்டின்னு நெனச்சது கட்டியே இல்லையாம். ஆண்டவர் காப்பாத்திட்டாரு" என்றாள்.

பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஒருத்தி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல" என்று கோபித்துக்கொண்டாள் இன்னொருத்தி. நான் சிரித்தேன். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 17, புதன்

மூட்டை அறையில் அவளைப் பிடித்தேன். கதவைச் சாத்தினேன்.

"ஜெபா, எனக்காக நீ பொய் சொல்லியிருக்காண்டாம்" என்றேன்.

"ஒனக்காகன்னு யாரு சொன்னா?"

அவள் குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் தேவலை.

"அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சம்பளம்னு ஒனக்குத் தெரியும். கலா ரெண்டு நாளு சாப்பாடு கொண்டு வராம அந்த நூறு ரூவாயப் போட்டுச்சு. அதுகளுக்கு இது தெரிஞ்சா என்ன ஆவும்? நாளைக்கு ஒருத்திக்கு நெசமாவே ஒன்னு வரும். அன்னைக்கு ஒருத்தியும் குடுக்க மாட்டா. என் வீட்டுக்காரரு கெடந்தப்ப எனக்கு இந்தக் கடைதான் குடுத்துச்சு. அது நின்னு போவக் கூடாது. அதுக்குத்தான் சொன்னேன்."

"நான் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேட்டுருதேன்."

"கேட்டா ஒனக்கு நல்லாருக்கும். அதுகளுக்கு?"

அவள் சேலை முந்தானையைச் சரிசெய்தாள்.

"காசத் திருப்பிக் குடு. ஒவ்வொருத்திக்கும் குடு. கட்டி இல்லன்னு ஆயிட்டு, செலவு ஆவல, இந்தா ஒங்க காசுன்னு சொல்லிக் குடு. யாரு எவ்வளவுன்னு நான் சொல்லுதேன்."

"அதுவும் பொய்தான ஜெபா."

"ஆமா. அதையும் நீதான் சொல்லணும்."

கதவைத் திறந்துகொண்டு போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "வேற சீக்கு ஒன்னும் கெடைக்கலையாட்டி ஒனக்கு?"

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆறு நாள் யோசித்துவிட்டு இன்று அவரிடம் சொன்னேன். மது பள்ளிக்குப் போன பிறகு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். நின்ற இரண்டு தவணையையும் சொன்னேன். மே மாதத் தவணைப் பணத்தைத்தான் அவர் தங்கச்சி மகள் சடங்கில் பத்தாயிரமாக மொய் எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவர் ஆயிரம் போதும் என்றிருந்தார். நாம் மண்டபத்தில் வைத்துவிட்டு ஆயிரம் எழுதினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குப் பயம்.

கைகழுவின ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எனக்கா வயித்துல கட்டி?"

"ஆமா."

"எம்புட்டு நாளா?"

"ஒரு மாசமா."

தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தார். கிளம்பவில்லை. அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்து கேட்டது, நான் நினைத்த எதுவும் இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசியிராத பிள்ளைக, எனக்காக இவ்வளவு குடுத்துச்சுகளா?"

"ஆமா."

"அந்தப் பிள்ள வேற எளநி தூக்கிட்டு வெயில்ல வந்துச்சே. நான் என்னமோ கல்லு மாரி இருக்கேன்னு பெரும பேசுனேனே."

இதற்கு முன் அவர் கண் கலங்கி நான் பார்த்தது அவர் அம்மா செத்தபோது மட்டும்தான். என்னைத் திட்டவில்லை. அடுத்த தடவை தவணை நின்றால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லவில்லை. "ரெண்டு மாசம் தேங்காய் லோடு ராத்திரிச் சவாரிக்கு ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான். போறேன்" என்று மட்டும் சொன்னார். நான் படுக்கப் போட்ட மனுஷன், என் பொய்யை அடைக்க ராத்திரியும் வண்டி ஓட்டப் போகிறார்.

அக்டோபர் 4, சனி

சிக்கனம் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்னே ஒவ்வொரு ரூபாயையும் மிச்சம் பிடிக்கும்போது ஒரு பெருமை இருந்தது, நான் எவ்வளவு கட்டுப்பாடானவள் என்று. இப்போது அந்தப் பெண்ணின் வீடியோக்களைப் பார்ப்பதில்லை. உளுந்து வாங்கும்போது கலா சாப்பிடாமல் இருந்த இரண்டு மதியம் நினைவுக்கு வருகிறது. பாதிதான் வாங்குகிறேன்.

தீபாவளிக் கூட்டத்துக்கு ராத்திரி பத்துவரை நிற்கிறவர்களுக்குத் தனிக்காசு. தினமும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஃபைனான்ஸ்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேர், ஒரு பைக். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருவில் நின்று என் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஜூன் தவண இன்னும் நிக்கி மேடம். போனஸ் வாங்கிருப்பீங்கல்லா."

போனஸ் நேற்று வந்தது. பீரோவில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிட்டால் இவர்கள் போய்விடுவார்கள், தெரு கண்ணை எடுத்துக்கொள்ளும்.

"அந்தக் காசு வேற ஆளுகளுக்குக் குடுக்க வேண்டியது. ஒங்களுக்கு மாசக் கடைசியில தாரேன், அபராதத்தோட" என்றேன்.

"எங்களுக்குப் பொறவுதான் மத்தவங்க."

"இல்ல. அவங்களுக்குப் பொறவுதான் நீங்க."

கத்தினார்கள். நின்று கேட்டுக்கொண்டேன். மது வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். உள்ளே போ என்றேன், போகவில்லை. அவர்கள் போன பிறகு ஸ்கூல் பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா, வாங்க" என்றாள். தெரு முனைவரை சேர்ந்து நடந்தோம். ஒருவரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

போனஸும், அவர் ராத்திரிச் சவாரிக் காசும், என் தனிக்காசும் சேர்ந்து பதினோராயிரத்து நானூறு ஆகிவிட்டது. தீபாவளி வரை யாருக்கும் வார லீவு கிடையாது. மதியம் மூட்டை அறையில் ஜெபசீலி ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் கவரில் போட்டு எழுதினேன். இருபத்தேழு கவர். எல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. தன் பெயரையும் நடுவில் வைத்துத்தான் சொன்னாள். "ஜெபசீலி, ரெண்டாயிரம்." அவ்வளவு போட்டது வேறு யாரும் இல்லை. நான் எழுதினேன்.

அக்டோபர் 15, புதன்

காலையில் கடை திறக்கும் முன் எல்லோரும் தரைத்தளத்தில் நின்று சாமி கும்பிடுவோம். அது முடிந்ததும் கவர்களைக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதை ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். கட்டி இல்லை, செலவாகவில்லை, உங்கள் காசு.

"வச்சுக்கோங்கக்கா, பழம் வாங்கிக் குடுங்க" என்றாள் கலா. அவள் கையில் வைத்து மூட வேண்டியதாயிற்று. பிரேமா, "இந்தக் காலத்துல யாருக்கா குடுத்த காசத் திருப்பிக் குடுக்கா" என்று என் கன்னத்தைத் தொட்டாள். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது.

அதோடு முடியவில்லை. மேலாளர் பார்த்துவிட்டார். என்ன ஏது என்று விசாரித்தார். விசாரித்துவிட்டு எல்லோரையும் நிற்கச் சொல்லி, பத்து நிமிஷம் என்னைப் பற்றிப் பேசினார். நாணயம் என்றால் இதுதான் என்றார். பணம் கையாளுகிற பில் கவுண்டருக்கு இப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும் என்றார். கைதட்டச் சொன்னார். அறுபது பேர் கைதட்டினார்கள். எட்டு வயதில் பள்ளியில் எல்லோர் முன்னாலும் முட்டி போட்டு நின்றிருக்கிறேன். அன்று இதைவிட நன்றாக இருந்தது.

"நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா" என்றார்.

எனக்கு முன்னால் எல்லா முகமும். பேக்கிங் கவுண்டரின் பின்னால் ஜெபசீலி பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எனக்கு நன்றாக இருக்கும்.

"நீங்க கொடுத்தத நான் மறக்க மாட்டேன்" என்றேன். "எனக்குக் குடுத்த மாதிரியே குடுங்க. நாளைக்கு இங்க ஒருத்திக்கு நெசமாவே ஒன்னு வந்தா, யோசிக்காம குடுங்க. நானும் குடுப்பேன்."

'நெசமாவே' என்ற சொல் வெளியே வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மறுபடியும் கைதட்டினார்கள். ஜெபசீலி மட்டும் பை எண்ணுவதை நிறுத்தி, ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அவள் கைதட்டவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் கவரைக் கொண்டுபோய் வைத்தேன். பிரித்து, என் முன்னாலேயே நோட்டுகளை எண்ணினாள்.

"சரியா இருக்கு."

நான் நகரவில்லை. அவளும் போ என்று சொல்லவில்லை. ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. வெளியே தீபாவளிக் கூட்டம் அப்போதே காத்து நின்றது.

"ஃபைனான்ஸுக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட."

"அடுத்து எப்பக் கட்டணும்?"

"மாசக் கடைசியில."

"கட்டிருவியா?"

"கட்டிருவேன்" என்றேன்.

அவள் கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் சொன்னதை நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் முதல் ஆள் பில்லுக்கு வந்துவிட்டார்.